அடிக்கிற கையும் அணைக்கிற கையும்

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பது நம் பழமொழி. திரையில் ஒருவர் மற்றவரை உதைக்கும்போது அரங்கமே சிரிக்கிறது. அச்சிரிப்பு அன்பின் பக்கம் நிற்கிறதா, கொடுமையின் பக்கம் நிற்கிறதா? கவுண்டமணி, செந்தில் இணையை நினைக்குந்தோறும் இக்கேள்வி எழுகின்றது.

கங்கை அமரன் இயக்கி 1989-இல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சியை அறியாத தமிழர் அரியர். இரண்டு பழங்கள் வாங்கிவரக் காசு கொடுத்து அனுப்புகிறார் கவுண்டமணி. ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றை மட்டும் கொணர்கிறார் செந்தில். மற்றொன்று எங்கே என்று கேட்டால், இருக்கும் பழத்தையே காட்டி, அந்த மற்றொன்றுதான் இது என்கிறார். அடி விழுகிறது, ஆனால் வென்றவர் யார்? அடித்தவர் விடை கிடைக்காமல் தவிக்கிறார். அடிபட்டவரோ தம் விடையை விட்டு அசையவில்லை. வலியவனின் கோபம் எத்துணை கையாலாகாதது என்பதே அங்கு நகைப்புக்கு உள்ளாகிறது. இத்தனைக்கும் பின்னர், ஓடாத ஒரே காரை இருவரும் சேர்ந்துதான் தள்ள வேண்டியிருக்கிறது. ஒருவரின்றி மற்றவர் இல்லை என்னும் அந்த உறவே அடியின் கடுமையைத் தணிக்கிறது.

எனினும் அவ்விருவரின் நகைச்சுவை முழுவதையும் இப்படிக் காத்துவிட இயலாது. நிறத்தையும் உடலையும் இகழும் வசைகளும் அதில் உண்டு. நான் பயின்ற பள்ளியில் கறுத்துப் பருத்த மாணவன் ஒருவனைத் திரையில் கேட்ட வசையால் அழைத்தோம். நானும் அழைத்தேன். அவனும் சிரித்தான், ஆகவே தவறில்லை என்று எண்ணினோம். வகுப்புப் புகைப்படம் எடுத்த நாளில் அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

செந்திலுக்கு மறுமொழி எழுதித் தரப்பட்டிருந்தது. எங்கள் தோழனுக்கு அது இல்லை. வாழைப்பழத்துக்குக் கணக்குச் சொல்லலாம். தோலின் நிறத்துக்கு எவர் என்ன கணக்குச் சொல்ல முடியும்? எதிராளி வெல்வதற்கும் இடம் விட்டு நகைப்பது கலை. அவ்விடத்தை அடைத்துவிட்டு நகைப்பது இகழ்ச்சி. விளையாட்டிலும் இகழ்ச்சி துன்பமே என்று வள்ளுவர் பண்புடைமையில் வைத்துச் சொன்னது இதனை எண்ணித்தான் போலும்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அடித்தவர் சொல்லிக்கொள்வது எளிது. அதனை அடிபட்டவர் சொல்ல வேண்டும்.