மந்தம் எவருடையது?

மனிதரை அளப்பதற்கு மனிதர் கண்ட கோல்கள் பல. அவற்றுள் மிக எளியதும் மிகக் கொடியதும் பள்ளிக்கூடத்தின் கடைசி வாங்கே ஆகும். "இவன் மந்தம்" என்று ஆசிரியர் ஒருவர் ஒருமுறை கூறிவிட்டாற் போதும். அப்பிள்ளையின் இடம் அங்கே நிலைத்துவிடுகின்றது. அச்சொல்லை ஆளும் உரிமையை நமக்கு வழங்கியவர் எவர் என்று நாம் என்றேனும் நம்மையே கேட்டதுண்டா?

இரத்தினபுரி மாவட்டத்தின் நிவித்திகலப் பகுதியில் இறப்பர்த் தோட்டமும் தேயிலைச் சரிவும் மாணிக்கக் குழியும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. நுவரெலியாவைப் போல இங்கே தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாய் வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிய தோட்டங்களில், லயக் காம்பராக்களில், சிறுசிறு தொகுதிகளாக வாழ்கின்றனர். பெற்றோர் விடியற்காலையிலேயே பால்வெட்டுக்கும் கொழுந்துக்கும் சென்றுவிட, பிள்ளைகள் தாமே புறப்பட்டுப் பாடசாலைக்கு நடக்கின்றனர். தோட்டத்து ஆரம்பப் பாடசாலையில் ஐந்தாந் தரம் முடித்த அப்பிள்ளைகளே ஆறாந் தரத்தில் நம் போன்ற ஆசிரியரிடம் வந்து சேர்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்த சிறுவன் ஒருவனை நாம் இன்றும் மறந்திலோம். எழுத்துக் கூட்டவும் இடர்ப்பட்டான். கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத விடை கூறுவான்; வகுப்பு சிரிக்கும்; அவனும் சேர்ந்து சிரிப்பான். கவனமற்றவன் என்று முடிவுகட்டி, இரண்டு தவணைகள் அவனைக் கடிந்துகொண்டோம். தகரக் கூரையில் மழை கொட்டிய ஒருநாள், நமது கேள்வியை அவனுக்கு இடப்புறம் இருந்த தோழன் அவன் செவியருகே குனிந்து திருப்பிச் சொன்னான். உடனே எழுந்து சரியான விடையைச் சொன்னான் அச்சிறுவன். அவனது வலச்செவி முற்றாகக் கேளாதது, இடச்செவியும் அரைகுறை என்பதை அதன் பின்னரே அறிந்தோம். ஐந்தாண்டுகள் ஆரம்பப் பாடசாலையிலும் இரண்டு தவணைகள் நம்மிடத்தும் அவன் இருந்தான். எவரும் கவனிக்கவில்லை. கவனமற்றவன் என்று பெயர் பெற்றவன் மட்டும் அவன்தான்!

இஃது ஒரு தனி மனிதரின் தவறென்று கூறி நாம் ஒதுங்கிவிட முடியாது. பாரிஸ் நகரில் 1905ஆம் ஆண்டில் அல்பிரட் பினே என்னும் உளவியலறிஞர், சிமோன் என்பாருடன் சேர்ந்து அறிவுச் சோதனை ஒன்றை வகுத்தார். பாடசாலையில் எந்தப் பிள்ளைக்கு மேலதிக உதவி தேவை என்பதைக் கண்டறிவதே அதன் நோக்கம். ஆயின் சில ஆண்டுகளுக்குள்ளேயே, அமெரிக்காவில் அதே சோதனை மனிதரை உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனத் தரம் பிரிக்கும் கருவியாக மாறிற்று. உதவுவதற்கென எடுத்த விளக்கைக் கொண்டு கதவைச் சாத்தத் தலைப்பட்டனர். நமது கடைசி வாங்கும் அத்தகையதே. பிள்ளையின் குறையை அறிவது அவனுக்கு உதவுவதற்காகவா, அன்றி நமது பொறுப்பைக் கழித்துக்கொள்வதற்காகவா? இந்தக் கேள்வியில்தான் அறம் அடங்கியிருக்கின்றது.

முற்போக்காளர் சிலர் இதற்கு எளிய விடையொன்றை வைத்திருப்பர். "தோட்டத்துப் பிள்ளையின் மந்தம் வறுமையின் மந்தமே, வறுமை ஒழியின் அதுவும் ஒழியும்" என்பர். இதில் உண்மை உண்டு. 2016ஆம் ஆண்டின் மக்கட்டொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர்; தோட்டப் பகுதியிலோ 32 பேர். கருவிலேயே பசித்த பிள்ளை வகுப்பில் சோர்ந்திருப்பதில் வியப்பென்ன?

வரலாறும் இதற்குத் துணைநின்றது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்டத் துரைமாரின் கையில் ஒப்படைத்தது. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் தோட்டப் பாடசாலை அதன் நிழலுக்கு வெளியிலேயே நின்றது. தோட்டங்கள் தேசவுடைமையான பின்னர், 1977 முதலாகவே அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட பின்னடைவு அது.

எனினும், எல்லாவற்றையும் வறுமையின் கணக்கிலே எழுதிவிட்டால், உண்மையாகவே செவி கேளாத பிள்ளையும், எழுத்துகள் கண்முன் தடுமாறும் பிள்ளையும், மெல்லவே கற்கும் பிள்ளையும் அக்கணக்கினுள் மறைந்துபோவர். வகுப்பு முழுவதும் பின்தங்கியிருக்கும் இடத்தில் தனியொருவனின் இடர் தெரிவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவர் பெயர் சூட்டும் நோய், லயத்துப் பிள்ளைக்குச் சோம்பல் என்ற பெயரைப் பெறுகின்றது. வர்க்கத்தின் துயரைப் பேசும் நாமே அவ்வர்க்கத்துள் ஒடுங்கிக் கிடக்கும் தனிப்பிள்ளையைக் காணாது விடுவோமாயின், நமது பேச்சுக்குப் பயன் யாது?

"எல்லாப் பிள்ளைகளையும் ஒரே விதமாக நடத்துகின்றோம், இதனினும் நீதி வேறுண்டோ?" என்று ஆசிரிய நண்பர் சிலர் வினவுவர். ஒவ்வாத மனிதரை ஒரே கோலால் அளப்பது சமத்துவமன்று, ஏற்றத்தாழ்வே என்பதை 1875ஆம் ஆண்டிலேயே, கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்த மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். கேளாதவனுக்கும் கேட்பவனுக்கும் ஒரே குரலில் ஒரே தொலைவிலிருந்து பாடஞ் சொல்வது, ஒருவனுக்குச் சோறிட்டு மற்றவனுக்கு வெறும் இலை போடுவதை ஒக்கும். சோவியத் உளவியலறிஞர் விகோட்ஸ்கி 1920களில் இதனை மேலும் ஆராய்ந்தார். உடற்குறையைக் காட்டிலும், அக்குறை காரணமாகச் சமுதாய வாழ்விலிருந்து பிள்ளை விலக்கப்படுவதே அவன் வளர்ச்சியைப் பெரிதும் தடுக்கின்றது என்பது அவர் கண்ட முடிபு. செவி கேளாமை இயற்கையின் செயலாயிருக்கலாம். அவனை வகுப்பு நகைப்பது இயற்கையின் செயலன்று.

நாற்பது பிள்ளைகளுள் ஒருவனுக்காக மற்றவரின் நேரத்தைச் செலவிடலாமா என்னும் வாதத்தையும் நாம் புறக்கணிப்பதற்கில்லை. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஏககாலத்தில் நடத்தும் சிறு பாடசாலையில் அது மெய்யான துன்பம். பிள்ளைகளை நோக்கிநின்று பேசுதல், பெரிதாக எழுதுதல், இறப்பர் விதைகளை எண்ணவைத்துக் கணக்குப் பயிற்றுதல், நீண்ட பாடத்தைச் சிறு கூறுகளாக்குதல் ஆகியன அந்த ஒருவனுக்கு மட்டுமன்றி நாற்பதின்மருக்கும் நன்மையே செய்வன. இவற்றுக்கு அப்பாலும் அவனுக்கெனத் தனிநேரம் தேவைப்படும். அந்நேரம் பிறரிடமிருந்தே எடுக்கப்படும். அதனை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால், பலவீனமான ஒருவனை விட்டுவிட்டு முன்னேறலாம் என்பதும் ஒரு பாடமே அல்லவா? அப்பாடத்தை நாற்பது பிள்ளைகள் நாள்தோறும் நம்மிடமிருந்து கற்பதற்கு நாம் உடன்படுவோமா? ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் சித்தியெண்ணிக்கையைக் கொண்டே பாடசாலையின் பெருமையைப் பேசும் வரை, நமது உடன்பாடு அதற்கே என்பதில் ஐயமில்லை.

அங்ஙனமாயின் தனிப் பாடசாலைகள் வேண்டாவோ எனின், அவ்வாறு கூறோம். 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடக்கிவைத்த செவிப்புலன், விழிப்புலன் இழந்தோர் பாடசாலை இரத்மலானையிலும், 1956இல் எழுந்த நபீல்ட் பாடசாலை யாழ்ப்பாணத்துக் கைதடியிலும் ஆற்றிய தொண்டு பெரிது. முற்றாகச் செவி கேளாத பிள்ளைக்குத் தன்னையொத்தோரின் கூட்டமும் சைகைமொழியும் உயிர்மூச்சாகும். ஆயின் கைதடி எங்கே, நிவித்திகல எங்கே? எவ்வழி செல்வதாயினும் முதலில் அப்பிள்ளையை அறிந்துகொள்ள வேண்டிய இடம் தோட்டத்துப் பாடசாலையே. சாதாரணப் பாடசாலையின் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும் என 1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரிற் கூடிய 92 அரசுகளின் பேராளர் பிரகடனம் செய்தனர். இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிலையத்திற் சேர்க்க மறுத்தலாகாது என்று இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. கட்டாயக் கல்வி விதிகளும் 1998 முதல் நடைமுறையில் உள்ளன. ஏட்டிலே கதவு திறந்தேயிருக்கின்றது!

ஏட்டிலுள்ளது வகுப்பறைக்கு வருவதற்கு என்ன வேண்டும்? முதலாந் தரத்திற் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் கண்ணும் செவியும் சோதிக்கப்பட வேண்டும். விசேட கல்விப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரேனும் சில பாடசாலைகளுக்குப் பொதுவாகச் சென்றுவர வேண்டும். பிள்ளையை ஆராயும் அலுவலர் அவன் மொழியிலேயே அவனோடு பேச வேண்டும். தமிழ்ப் பிள்ளையைச் சிங்களத்தில் வினவி, அவன் மௌனத்தை அறியாமையென்று குறிப்பது அளவையன்று, அநீதி. இரத்தினபுரி வைத்தியசாலைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் தாய் ஒருநாட் பேரை இழக்கின்றாள். மறுபடியும் வருமாறு சொல்வது எளிது. மீண்டுமொரு பேர் போகும் என்பதை எண்ணுவார் அரியர். தாயின் இழப்பை ஈடுசெய்யாத வரை, இலவச வைத்தியமும் அவளுக்கு விலையுள்ளதே.

இவற்றுட் பல அரசின் கடமை, கேட்டுப் பெறவேண்டியவை. ஆனால் முன்வாங்கில் ஓர் இடம் கொடுப்பதற்கு எந்தச் சுற்றுநிருபத்தையும் நாம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அச்சிறுவனை முன்வாங்கில், இடச்செவி நம்மை நோக்க அமர்த்தினோம். அவன் வகுப்பில் முதல்வனாகவில்லை. இழந்த ஐந்தாண்டுகளும் திரும்பவில்லை. ஆண்டிறுதியில் ஒரு பக்கத்தைத் தட்டுத்தடுமாறி உரக்க வாசித்து முடித்தான், வகுப்பு சிரிக்கவில்லை. நமது கருணையால் அவன் பெற்றதன்று அது. ஆறு வயதிலேயே அவனுக்குரியதாயிருந்ததை, மிகத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தோம், அவ்வளவே. இன்று காலை எத்தனை ஆரம்பப் பாடசாலைகளில், எத்தனை கடைசி வாங்குகளில், அதே கடன் தீராது கிடக்கின்றது என்பதை ஆசிரியராகிய நாம் எழுந்து சென்று பார்ப்போமாக.