மிக்ஸிச் சத்தமும் தட்டுச் சத்தமும்

மின்விசிறி நாள் முழுக்க ஓடினாலும் அந்தச் சத்தம் வீட்டில் யாருக்கும் உறைப்பதில்லை. காதில் விழுகிறது, மூளைதான் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறது. சட்டைக் கழுத்தில் தைத்த லேபிள், டியூப் லைட்டின் ரீங்காரம், பக்கத்து அறை டி.வி. எல்லாமே இப்படித்தான் ஒதுங்கிப்போகின்றன. ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்த ஒதுக்கல் சரியாக நடப்பதில்லை. அத்தனையும் ஒன்றாக, ஏறக்குறைய ஒரே வேகத்தில் வந்து மோதும். ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காது. இதுதான் புலன் மிகைச்சுமை.

அப்படி ஒரு பிள்ளை உள்ள வீட்டில் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: “அவனே எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அந்தப் போடு போடுகிறானே, மிக்ஸிச் சத்தம் மட்டும் ஆகாதா?” நியாயமான கேள்வி. பால்டிமோரில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி 1943-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே இதைக் கவனித்திருக்கிறார். லிஃப்ட், முட்டை அடிக்கும் கருவி, சில சமயம் வெறும் காற்றுகூட அந்தக் குழந்தைகளைக் கதிகலங்க வைத்தது. அதே அளவு சத்தத்தைத் தாங்களே எழுப்பும்போது குஷியாக இருந்தார்கள். வெளியிலிருந்து அத்துமீறி நுழையும் சத்தம்தான் கலக்குகிறது என்றார் கானர். தட்டு அடுத்து எப்போது ஒலிக்கும் என்பது தட்டுகிற கைக்குத் தெரியும். மிக்ஸி எப்போது அலறும் என்பது பிள்ளைக்குத் தெரியாது. இத்தனைக்குப் பிறகும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இந்தப் புலன் வேறுபாடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இடம்பெற 2013 ஆகிவிட்டது.

அணைப்பிலும் இதே கதைதான். ஆட்டிசம் உள்ளவரும் கால்நடை அறிவியல் பேராசிரியருமான டெம்பிள் கிராண்டினுக்குச் சிறுவயதில் யாராவது கட்டிப்பிடித்தால் மூச்சுமுட்டும். ஆனால் உடலை யாராவது இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்ற ஏக்கமும் இருந்தது. மாட்டை அசையாமல் நிறுத்தும் கூண்டைப் பார்த்துவிட்டு, இளம்வயதிலேயே தனக்கென ஓர் அழுத்தும் இயந்திரம் செய்துகொண்டார். எவ்வளவு அழுத்த வேண்டும் என்ற பிடி அவர் கையில் இருந்தது.

மிகைச்சுமையில் பிள்ளை அழுது தவிப்பதை அடம் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. அடம் பிடிக்கும் பிள்ளை அழுகைக்கு நடுவே ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்க்கும். கேட்டது கிடைத்தால் கண்ணீர் நிற்கும். மிகைச்சுமையில் தவிக்கும் பிள்ளைக்குக் கேட்டு வாங்க எதுவுமில்லை. அப்போது அடிப்பது கொடுமை. “என்னடா கண்ணா, சொல்லு, சொல்லு” என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வதும் சுமையைக் கூட்டும். விளக்கை அணைத்து, ஆட்களை விலக்கி, பேச்சைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் ஒருவர் மட்டும் இருந்தால் போதும். தெளிய நேரம் பிடிக்கும். சிலருக்கு அன்று முழுவதும்கூட.

முன்கூட்டியே செய்யக்கூடியவையும் உண்டு. மிக்ஸி போடும் முன் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணிச் சொல்லலாம். பிள்ளைக்கு விருப்பமிருந்தால் சுவிட்சையே அதன் கையில் விடலாம். கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்தில் ஆளில்லாத அறை எது என்று முதலிலேயே பார்த்து வைப்பதும், கெட்டி மேளத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே தாத்தாவோ பாட்டியோ பிள்ளையை அங்கே அழைத்துப்போவதும் நல்லது.