நூறாவது ஆடு

தாவீது அரசர் தம் மக்களை எண்ணச் சொன்னார். அது பாவமாகி, நாட்டில் கொள்ளைநோய் வந்தது என்று சாமுவேல் இரண்டாம் நூலில் இருக்கிறது. எண்ணுவதில் என்ன பாவம்? என் அப்பா உபதேசியார். அவரிடம் கேட்டேன். “மக்ளே, அவரு எண்ணுனது வாள் எடுக்க ஆளுவள. தனக்கு எவ்வளவு பலம்னு பாக்கதுக்கு” என்றார்.

செய்தியாளனாகி, 2017 டிசம்பரில், கடலில் காணாமல் போனவர்களின் பெயர்ப்பட்டியல்களோடு குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கம் அலைந்தபோது அந்தக் கேள்வி மறுபடி என்னைப் பிடித்துக்கொண்டது. நவம்பர் 30 அன்று ஒக்கி குமரிக் கடலில் புயலாக வலுத்தது. நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, இரயுமன்துறை ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறா பிடிக்கிறவர்கள். போனால் கரை திரும்ப வாரக்கணக்காகும். எச்சரிக்கை வந்தபோது பலர் வெகுதூரத்தில் இருந்தார்கள். காணாமல் போனவர்கள் எத்தனை பேர்? அரசு சொன்னது ஒரு கணக்கு. பங்குச்சாமியார்கள் வீடுவீடாக எழுதியது வேறொரு கணக்கு. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்து, எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்று கேட்டார்கள். இத்தனை பேர் என்பதையே ஒத்துக்கொள்ளாதவர்கள் யாரைத் தேடுவார்கள்?

பட்டியல்களை ஒன்றுசேர்ப்பது லேசான வேலை கிடையாது. ஒரே ஊரில் எத்தனையோ அந்தோணி, எத்தனையோ சேவியர். தகப்பன் பெயர், போட்டின் பெயர், கிளம்பிய துறைமுகம் என்று ஒவ்வொன்றாய்ப் பொருத்திப் பார்க்க வேண்டும். கொச்சியிலிருந்து தொழிலுக்குப் போனவர் கேரளப் பட்டியலிலும் வருவார், இங்கேயும் வருவார். லட்சத்தீவில் கரை ஒதுங்கிப் பிழைத்தவரின் பெயர் காணாதவர் பட்டியலிலேயே கிடக்கும். போட்டில் கூலிக்கு ஏறும் வெளிமாநிலப் பையன்களின் நிலைமைதான் கொடுமை. அவர்களுக்கு இங்கே பங்கு ஏட்டிலும் பெயரில்லை, ரேஷன் கார்டிலும் இல்லை. போட்டு முதலாளி சொன்னால்தான் அப்படி ஒருவன் இருந்ததே தெரியும்.

என் கணினி அட்டவணையில் ‘நிலை’ என்று ஒரு பத்தி. உயிரோடு இருக்கிறார், இறந்துவிட்டார். இரண்டிலும் சேராதவருக்கு என்ன எழுதுவது? ஏழு வருஷம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்றது அப்போது நடப்பில் இருந்த 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம். அடுப்பெரிய வேண்டிய வீடு ஏழு வருஷம் காத்திருக்காது. அரசு அறிவித்த 20 லட்சம் ரூபாய் நிவாரணத்துக்குக் காகிதத்தில் கையெழுத்து வேண்டும். மகனை உயிரோடு அடக்கம் பண்ணுவதுபோல் இருக்கிறது என்று ஒரு தாய் பேனாவைத் தொடாமலே இருந்தார். அட்டவணையில் அந்த மகனின் ‘நிலை’க் கட்டத்தில் நான் எதையும் நிரப்பவில்லை. நிரப்பும் உரிமை அந்தத் தாய்க்கு உண்டு, எனக்கு இல்லை.

காணாமல் போனவர்களை எண்ணும் இந்த வேலை மத்தியதரைக் கடலிலும் நடந்திருக்கிறது. ஐரோப்பாவுக்கு வரும் வழியில் செத்தவர்களையும் காணாமல் போனவர்களையும் பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் சேர்ந்து எண்ணினார்கள். சிதறிக் கிடந்த பட்டியல்களை ஒப்பிட்டு, இரட்டிப்புகளை நீக்கி, 2014-இல் ‘தி மைக்ரன்ட்ஸ் ஃபைல்ஸ்’ என்று வெளியிட்டார்கள்: 2000-ஆம் ஆண்டிலிருந்து 23,000 பேருக்கு மேல். அதுவரை அரசுகள் எதுவும் முழுசாக எண்ணி வைத்திருக்கவில்லை.

லூக்கா நற்செய்தியின் மேய்ப்பன் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன அன்பைப் பற்றித்தான் எல்லாப் பிரசங்கமும். ஒன்று குறைகிறது என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணியிருக்கிறான். ‘நூறு பக்கம் இருக்கும்’ என்று பட்டியை அடைத்திருந்தால் அந்த ஆடு தொலைந்ததே தெரிந்திருக்காது. தாவீது எண்ணியது கையில் இருப்பதை அறிய. மேய்ப்பன் எண்ணியது வராததை அறிய. செய்தியாளனின் கணக்கு இந்த இரண்டாவது வகையாக இருந்தால்தான் அதில் அறம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஆகவே ‘சுமார்’ என்று எழுத எனக்குக் கை வராது.

ஒரு போட்டு கிளம்புமுன் அதில் ஏறுகிற அத்தனை பேரின் பெயரும், வெளிமாநிலத்துப் பையனின் பெயரும் அவன் வீட்டு முகவரியும் உட்பட, கரையில் ஒருவர் கையில் இருக்க வேண்டும். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் போகும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.