அழியாமையும் பயன்படாமையும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டை நோக்கி ஏறும் மலைச்சரிவிலே, ஏலத்தோட்டத்திற்கு நீர் இறைக்கும் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரின் மேற்கூட்டைத் தொட்டுப் பார்ப்பவர், மின்சாரத்தில் ஒரு பகுதி நீரை ஏற்றாமலே சூடாகிப் போவதைக் கையாலேயே அறிவர். ஒரு குதிரைத்திறன் 746 வாட் ஆதலின், அது சுழல்தண்டில் தருவது 3,730 வாட். பலமுறை காயில் கட்டப்பட்டு அதன் திறன் நூற்றுக்கு 80 ஆகக் குறைந்திருக்குமாயின், கம்பியிலிருந்து வாங்குவது ஏறத்தாழ 4,660 வாட். எஞ்சிய 930 வாட், செம்புச் சுருளின் தடையிலும் இரும்பு உள்ளகத்தின் காந்த மாற்றத்திலும் பேரிங்கின் உராய்விலும் வெப்பமாகி, மணிக்கு 800 கிலோ கலோரி வீதம் மலைக்காற்றிலே கலந்துவிடுகிறது.

கலந்தது அழிந்ததா? உள்ளது அழியாது, இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதத்தைக் கைக்கொண்ட சைவ சித்தாந்தி, இல்லை என்றே விடை பகர்வார். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் நிறுவிய சாஸ்திரத்தோடு, 19-ஆம் நூற்றாண்டில் ஜூல் முதலியோர் பரிசோதனையால் நாட்டிய ஆற்றல் அழியாமை விதி இவ்வளவில் இசைந்து செல்வது எனக்குப் பெருமகிழ்ச்சி தருவதே. ஆயினும் அம்மகிழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. 1865-இல் கிளாசியஸ் என்ட்ரோபி என்று பெயரிட்ட தத்துவமோ, அழியாத ஆற்றலும் பயன்படும் யோக்கியதையை இழக்கிறது, அவ்விழப்பு தானாக மீள்வதில்லை என்கிறது. சித்தாந்தத்தில் சங்காரமாவது உயிர்களை இளைப்பாற்றும் அருட்செயல். மாயையில் ஒடுங்கிய உலகை மீண்டும் தோற்றுவிக்க அங்கே ஒரு கர்த்தா உண்டு. மலைக்காற்றில் ஒடுங்கிய சூட்டை மறுநாள் மின்சாரமாகத் திரட்டித்தர வல்லவர் நம்மில் எவர்? ஆகவே, எதுவும் அழியவில்லை என்னும் ஆறுதல் படைத்தவனுக்கு உரியதே அன்றி, சுவிட்சைப் போடுகிற மனிதனுக்கு உரியதன்று.

அதே மலையில், பச்சை ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோர்களில் விறகு எரிகிறது. அங்கே வேண்டுவது 50 பாகை அளவான சூடுதான்; மோட்டாரின் வெப்பத்தையே திருப்பிவிடலாமே என்று தோன்றக்கூடும். ஆனால் ஒரு மணி நேரத்து வெப்பம் முழுவதையும் சிந்தாமல் சேர்த்தாலும் ஒன்றரை லிட்டர் நீர்கூட ஆவியாகாது. 100 கிலோ பச்சைக்காய் உலர்வதற்கோ 70 லிட்டருக்கு மேல் நீர் வெளியேற வேண்டும். சிதறியபின் திரட்டுவதைவிடச் சிதறாமற் காப்பதே நம் சக்திக்கு உட்பட்டது. நூற்றுக்கு 90 திறனுள்ள மோட்டார் அதே வேலைக்கு 4,145 வாட் வாங்கி, 415 வாட்டை மட்டுமே சூடாக்கும். 1,000 மணி நேரத்தில் மிஞ்சும் 500 யூனிட்டுக்கு மேற்பட்ட ஆற்றல், அணையில் நீராகவோ சுரங்கத்தில் நிலக்கரியாகவோ, யோக்கியதை கெடாமல் தன் காரண நிலையிலேயே இருக்கும்.