பரமபதத்தில் விழும் தாயம்: வினையா, அருளா?

மார்கழியில் வரும் வைகுண்ட ஏகாதசியன்று உண்ணாநோன்பு இருந்து இரவு முழுவதும் கண்விழிக்கும் வழக்கமுடைய தமிழ்க் குடும்பங்களில், அந்த விழிப்புக்குத் துணையாகத் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வருவது பரமபத சோபானம், அதாவது வைகுண்டத்துக்கு ஏறும் படிக்கட்டு என்னும் ஆட்டமாகும். கட்டங்களின் எண்ணிக்கையும் அவற்றில் எழுதப்படும் பெயர்களும் அச்சகத்துக்கு அச்சகம் மாறினாலும், கீழே தாழ்ந்த பிறவிகளும் நடுவே மானுட வாழ்வின் நற்குணங்களும் தீக்குணங்களும் அவற்றுக்கு மேல் தேவருலகங்களும் உச்சியில் திருமாலின் திருநாடும் அமைவது பொதுவான முறை. நற்குணக் கட்டத்தில் நிற்கும் காயை ஏணி மேலே கொண்டு செல்லும். தீக்குணக் கட்டத்தில் நிற்பதைப் பாம்பு கீழே இறக்கும். நல்லது செய்தவன் உயர்வான், தீயது செய்தவன் தாழ்வான் என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்கவே முன்னோர் இதனை உண்டாக்கினர் என்பது இவ்வாட்டத்துக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். ஆயினும் அவ்விளக்கம் படத்தை மட்டுமே பார்க்கிறது. காயை நகர்த்துவது எது என்று கேட்பதில்லை.

காயை நகர்த்துவது தாயக்கட்டை. பித்தளையில் வார்த்த, நாற்பக்கமுள்ள இரண்டு நீண்ட கட்டைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, இரு புள்ளி, முப்புள்ளி என மூன்று பக்கங்களும், புள்ளியே இல்லாத வெற்றுப் பக்கம் ஒன்றும் இருக்கும். ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் அது தாயம், அதாவது ஒன்று; அது விழும்வரை காய் பலகைக்குள் நுழைய முடியாது. கட்டைகள் கோணலின்றி வார்க்கப்பட்டிருந்தால் பதினாறு வகையாக விழக்கூடியவற்றுள் இரண்டே தாயமாகும் என்பதால், தொடங்குவதற்கே பலமுறை உருட்டிக் காத்திருக்க நேரலாம். இரு கட்டைகளிலும் வெற்றுப் பக்கமே விழுந்தால் அதனைச் சுழி என்று கொள்ளாமல் பன்னிரண்டு என்று எண்ணுவதும், புள்ளியே இல்லாத வீழ்ச்சிக்கு மிக உயர்ந்த மதிப்பைத் தருவதும் இக்கட்டைகளின் தனித்தன்மை. இவ்வளவிலும் ஆடுபவர் தேர்ந்தெடுப்பது எதுவுமில்லை. சதுரங்கத்தில் போல அவர் சிந்திப்பதற்கு இடமில்லை. பல்லாங்குழியில் போல எந்தக் குழியின் முத்துகளை அள்ளுவது என்ற முடிவும் இல்லை. ஒரே காயை வைத்து ஆடும்போது விழுந்த எண்ணின்படி நகர்வதைத் தவிர அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அவ்வாறாயின், நற்செயலுக்கும் தீச்செயலுக்கும் முதல் தேவையான விருப்பத்துக்கே இடந்தராத ஓர் ஆட்டம் எவ்வாறு அறத்தைக் கற்பிக்க இயலும்?

இக்கேள்வி தமிழகத்துப் பலகைக்கு மட்டும் உரியதன்று. ஞான சௌபர் என்று அழைக்கப்பட்ட இதன் உறவினங்கள் வட இந்தியாவில் சமயந்தோறும் ஆடப்பட்டன. சமணர் பலகைகள் பெரும்பாலும் 84 கட்டங்களும், வைணவர் பலகைகள் 72 கட்டங்களும் உடையவை. சூஃபி ஞானநெறியின் படிகளைக் காட்டும் பலகைகளும் கிடைத்துள்ளன. இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையவை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றாலும், ஆட்டம் அவற்றினும் மூத்தது என்று கருத இடமுண்டு. உயிரின் பயணத்தைப் பலகையில் வரைந்து ஆடும் எண்ணம் இன்னும் தொன்மையானது: 30 கட்டங்களைக் கொண்ட எகிப்தியரின் செனெட் ஆட்டம் காலப்போக்கில் மறுமை உலகைக் கடக்கும் பயணத்தின் உருவாகவே கருதப்பட்டதால், அரசி நெஃபர்தாரியின் கல்லறைச் சுவரில் அவள் செனெட் ஆடும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. செனெட்டின் விதிகள் மறைந்துபோயின. பரமபதத்தின் விதிகள் இன்றும் வீடுகளில் உயிரோடு உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குச் சென்ற இவ்வாட்டம் அங்கே குழந்தைகளின் பொழுதுபோக்காகி, வீடுபேற்றை இழந்து, வெறும் முடிவுக்கட்டத்தைப் பெற்றது.

கட்டையின் வீழ்ச்சியை விளக்க இந்தியச் சிந்தனை மூன்று வழிகளைத் தருகிறது. முதலாவது ஆசீவகரின் நியதிக் கொள்கை. எல்லாம் முன்பே அறுதியிடப்பட்டது, முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று மற்கலி கோசாலர் கூறியதாகப் பௌத்த நூல்கள் குறிப்பிடும் இக்கொள்கையை, தமிழில் மணிமேகலையும் நீலகேசியும் எடுத்துரைத்து ஆராய்கின்றன. விருப்பத்துக்கு இடமில்லாத ஆட்டம் என்பதால் பரமபதத்தை இதனோடு சேர்க்கத் தோன்றலாம். ஆனால் அறிவிலியும் அறிஞனும் வரையறுத்த ஒரே நெடும்பாதையைக் கடந்தே தீரவேண்டும் என்பது கோசாலரின் கொள்கை. அதனைப் பலகையாக வரைந்தால் அதில் ஏணியும் இராது, பாம்பும் இராது. தாவல் என்பதே இல்லாத உலகம் அது. பரமபதமோ தாவல்களால் ஆனது.

இரண்டாவது வினைக்கொள்கை. கடவுளின் அருளை ஏற்காத சமணர்க்குக் கட்டையின் வீழ்ச்சி, முன்னரே ஈட்டிய வினை கனிந்து பயன்தரும் நிலையின், அதாவது உதயத்தின் அடையாளமாகலாம். இது ஓரளவு பொருந்துகிறது, முழுவதும் பொருந்துவதில்லை. வினை என்பது நினைவைப் போன்றது. செய்தது மறவாமல் செய்தவனைத் தொடரும். கட்டைக்கோ நினைவில்லை: பத்து நற்கட்டங்களில் நின்று வந்த காயும் பத்து முறை கடிபட்ட காயும் அடுத்த உருட்டில் ஒரே வாய்ப்பையே பெறுகின்றன. பழைய வினையின் தடம் காய் நிற்கும் இடத்தில் மட்டுமே எஞ்சுகிறது, வரப்போகும் எண்ணில் இல்லை.

இங்கேதான் ஆட்டத்தின் உண்மையான அமைப்பு புலப்படுகிறது. பக்தி என்றெழுதிய கட்டத்தில் ஒரு காய் வந்து நின்றால், அது முன்பு செய்த பக்தியின் பரிசாக அங்கு வரவில்லை; பக்தி என்பதே அப்போதுதான் அதற்கு வாய்த்தது. வாய்த்தபின் ஏணி தவறுவதில்லை. தீக்குணம் வாய்த்தபின் பாம்பும் தவறுவதில்லை. செயலிலிருந்து பயனுக்குச் செல்லும் வழி பலகையில் மாறாத கோடாக வரையப்பட்டிருக்க, அச்செயல் ஒருவனுக்கு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் பலகைக்கு வெளியே, உருளும் கட்டையிடம் விடப்பட்டுள்ளது. வினைக்கொள்கையை இவ்வாட்டம் மறுக்கவில்லை. அதற்கு முந்தைய கேள்வியைக் கேட்கிறது. நல்லவனாக வேண்டும் என்ற எண்ணம் ஒருவனுக்குத் தோன்றியது யாருடைய செயல்? தம் நெஞ்சு இறைவன்பால் திரும்பியதும் அவன் திருவுள்ளமே என்று ஆழ்வார்கள் உணர்ந்ததையும், உயிரின் தகுதியை எதிர்பாராமல் இறைவன் தானே சுரக்கும் அருளை நிர்ஹேதுக கிருபை, அதாவது காரணம் வேண்டாத கருணை, என்று ஆசாரியர்கள் வகுத்ததையும் அறிந்தவர்க்கு, இது மூன்றாவது வழி, அருளின் வழி, என்பது விளங்கும்.

நற்குணமே வாய்ப்பதாயின் பொறுப்பு என்னாவது என்ற தடை எழக்கூடும். அது எளிதில் ஒதுக்கத்தக்க தடையன்று. ஆனால் இவ்வாட்டம் எதனைப் பயிற்றுகிறது என்று கவனித்தால் விடையின் ஒரு பகுதியேனும் கிடைக்கும். உச்சிக்கு அருகில் நிற்கும் பாட்டியைப் பெரும்பாம்பு கடித்து அடிவரிசைக்கு இறக்கும்போது ஆறு வயதுப் பேரன் ஏணியேறி அவரைக் கடந்து போகிறான். அவனுக்குச் செருக்கக் காரணமில்லை, அவரை இகழவும் எவருக்கும் காரணமில்லை. ஏறியவன் தன் ஏற்றத்தைத் தன் உடைமையாகக் கருதாமலும், இறங்கியவனைக் குற்றவாளியாகக் காணாமலும் இருக்கக் கற்பது அறத்தின் சிறிய பகுதியன்று. திருக்குறள் தன் 94ஆம் அதிகாரத்தில் சூதை வன்மையாகக் கடிகிறது. தருமனும் நளனும் நாடிழந்தது உருளும் கவற்றினால்தான். அதே வகைக் கருவி நோன்பு இரவில் தூயதாவதற்குக் காரணம், இங்கே பந்தயம் இல்லை என்பதும், ஒருவரின் ஏற்றம் மற்றவரிடமிருந்து எதையும் பறிப்பதில்லை என்பதும்தான்.

மேலும் ஒன்று. பாம்பு கடித்த காய் வெட்டுப்படுவதில்லை. தாயக்கட்டத்தில் போல வெளியேற்றப்பட்டு மீண்டும் தாயத்துக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. கீழே இறங்கி அங்கிருந்தே தொடர்கிறது. எந்தக் கட்டத்திலிருந்தும் மேலே செல்லும் வழி அடைபடாத பலகையில், ஆட்டத்தை இடையில் நிறுத்தாவிட்டால், ஒரு காய் என்றுமே உச்சியை அடையாமல் போவதற்கான நிகழ்தகவு சுழியே என்பது கணிதம் தரும் முடிவு. இது இறையியலில் சிறிய கூற்றன்று. என்றும் வீடு பெறாத உயிர்களும் உண்டு என்று மத்துவர் கொண்டார். அத்தகைய காய் ஒன்றுகூட இப்பலகையில் இல்லை. சேர்வது உறுதி, எப்போது என்பதே தெரியாதது என்ற நிலையை ஓர் இரவுக்குள் அடக்கிக் காட்டும் திறனே, முடிவு தெரிந்த இவ்வாட்டத்தை ஆண்டுதோறும் மீண்டும் ஆட வைக்கிறது எனலாம்.

எஞ்சுவது, கட்டையை உருட்டும் கையின் பங்கு எது என்பது. சரணாகதி அல்லது பிரபத்தி எனப்படும் அடைக்கலம் புகுதலைப் பற்றி வைணவத்தின் இரு கலைகளும் இங்கேதான் பிரிகின்றன. அருளுக்கு உயிரின் செயல் விலையாகாது எனினும், அருள் இறங்க ஒரு வியாஜம், அதாவது ஒரு நிமித்தம், வேண்டும் என்பது வேதாந்த தேசிகரின் வழியில் வந்த வடகலையார் கொள்கை. அடைக்கலம் புகுதலையும் தன் முயற்சியாக எண்ணுவது குற்றமே என்பது பிள்ளை உலகாசிரியரைப் பின்பற்றும் தென்கலையார் கொள்கை. உருட்டாதவருக்கு எண் விழுவதில்லை, உருட்டியவர் எண்ணைத் தீர்மானிப்பதும் இல்லை என்னும் விதி தேசிகரின் வியாஜத்துக்கு மிக நெருங்கியது. ஆனால் முதல் தாயம் விழுவதற்கு முன் பலகைக்கு வெளியே கிடக்கும் காய்க்கு நற்கட்டமும் இல்லை, தீக்கட்டமும் இல்லை, தன்னுடையது என்று காட்ட ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் அதற்கே தாயம் விழுகிறது என்பதில் உலகாசிரியரின் வாதம் வலுப்பெறுகிறது.