கனவும் உம்மையும்

தினமும் எழுதி வைத்தால் கனவு அதிகம் நினைவில் தங்கும் என்பதை யாரும் மறுப்பதில்லை. விழித்தவுடன் புரளாமல், கண் திறக்காமல் கிடந்து, கடைசியாக மிஞ்சிய பிம்பத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய், தலைமாட்டு நோட்டில் குறித்துவிட வேண்டும். விமானப் பொறியாளரான ஜே. டபிள்யூ. டன் 1927இல் தம் நூலில் சொன்ன யோசனையும் ஏறக்குறைய இதுதான். (கனவில் எதிர்காலம் தெரிகிறது என்ற அவரது முடிவை நான் ஏற்கவில்லை, அது வேறு விஷயம்.) என் நோட்டில் முதல் வாரம் ஒற்றை வரிகள். இரண்டாம் மாதம் பக்கம் போதவில்லை.

பெருகியது கனவா, எழுத்தா என்பதுதான் என் கேள்வி.

கோச்சடையில், வைகையின் தென்கரையில் இருந்துகொண்டு இதை யோசிப்பவனுக்குக் கோவலன் நினைவு வராமல் இராது. அவனும் தென்கரை சேர்ந்து, மதுரை மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில், மாடலனிடம் தன் கனவைச் சொல்கிறான். உடுத்திய கூறை பறிபோகிறது. கண்ணகியோடு பற்றறுத்தவர்களின் நிலையை எய்துகிறான். காமன் தன் அம்பை வெறுந்தரையில் எறிந்து ஏங்க, மாதவி மணிமேகலையைப் போதி அறவோன்முன் ஒப்படைக்கிறாள். மூன்றையும் இளங்கோ உம்மையால் மட்டுமே அடுக்குகிறார். ஏன், எப்படி, அதனால் என்ன ஆயிற்று, எதுவும் கிடையாது. ஆண்டாள் இதற்கு நேர்மாறு. அவள் தோழிக்குச் சொல்லும் கனவில் ஊர்வலம், பந்தல், கூறை, காப்புநாண், கைப்பிடித்தல், தீவலம், அம்மி, பொரி என்று சடங்குகள் முறை தவறாமல் வருகின்றன. எந்தக் கனவும் இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. அது வேட்கை, கனவின் உடை உடுத்தி வந்திருக்கிறது. கவிதை என்ற அளவில் அதற்கு ஒரு குறையுமில்லை. ஆனால் நோட்டு வைத்திருப்பவனுக்கு வழிகாட்டி கோவலன்தான்.

1953இல் அஸெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்கள் வேகமாக அசையும் உறக்கத்தைப் பற்றி எழுதினார்கள். விடியலை நெருங்க நெருங்க அந்தக் கட்டம் நீள்கிறது. கைக்கு அகப்படுவதும் பெரும்பாலும் கடைசிக் கனவே. பொன்னவனின் கனாநூல், முதல் யாமக் கனவு ஓராண்டிலும் கடைசி யாமக் கனவு பத்து நாளிலும் பலிக்கும் என்கிறது. பலிதத்தைத் தள்ளிவிட்டாலும், விடியற்கனவுக்கு வலு அதிகம் என்ற அனுபவம் அந்தக் கணக்கில் உறைந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அப்படியொரு விடியலில், இறந்துபோன அப்பா வந்தார். ஆற்றில் இடுப்பளவு நீர். இறங்கி நடந்து வருகிறார், வேட்டி நனையவில்லை. தம்பியின் பெயரைச் சொல்லி அழைக்கிறார். இதை எழுதப் போனால் பேனா தானாகவே 'நான் எதிரே நின்றும்கூட' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கப் பார்க்கிறது. அந்தக் 'கூட' கனவில் இல்லை.

சின்ன இடைச்சொல்தானே என்று விட முடியாது. நனவில் அப்பாவைப் பற்றி நான் ஒன்றைத் திரித்துச் சொன்னால் திருத்த அம்மா இருக்கிறாள், தம்பி இருக்கிறான், அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. கனவுக்கோ ஒரே சாட்சி. அவனே எழுத்தன், அவனே நீதிபதி. ஆறு மாதம் போனால் கனவு கரைந்துவிடும், நோட்டு மட்டும் நிற்கும். இளையவன்மீதுதான் அவருக்குப் பிரியம் என்று அது தீர்ப்புச் சொல்லும். மறுத்துப் பேச அவர் வரப்போவதில்லை.

அப்படியானால் எழுதாமலே விடலாமே என்று ஒரு நண்பர் சொல்கிறார். எழுதாத கனவை நினைவு இன்னும் தாராளமாகத் திருத்துகிறது. மறதியில் தனி யோக்கியம் ஏதும் இருப்பதாகவும் தெரியவில்லை. நான் எழுதத்தான் செய்கிறேன். 'அதனால்', 'ஆனால்', 'திடீரென்று' மூன்றையும் நோட்டுக்குள் விடுவதில்லை. சில பக்கங்கள் மளிகைச் சீட்டு மாதிரி இருக்கின்றன, இருக்கட்டும்.

அந்தப் பக்கத்தைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். நீரும், நனையாத வேட்டியும், அவன் பெயரும்.

"கூப்பிட்டுட்டு என்னண்ணே சொன்னாரு?" என்று கேட்டான்.

நோட்டில் அதற்கு மேல் இல்லை.