பூஜ்யத்தை யார் போட்டது?

திருப்புலிவனத்திலிருந்து படிக்கப் போகும் தம்பியே, தங்கையே! "நெட்வொர்க்கிங் எல்லாம் சென்னைப் பசங்களுக்கு, இங்கிலீஷ் மீடியத்துக்கு" என்று முணுமுணுக்கிறாயே, அந்தப் பேச்சை இன்றோடு விடு!

உன்னைப் பயமுறுத்துவது ஓ.எஸ்.பி.எஃப். என்ற நான்கெழுத்துதானே? சுவிட்சுகள் தமக்குள் பேசி, செலவு குறைந்த வழியைத் தாமே கண்டுகொள்ளும் முறை அது. அதன் அடியில் ஓடும் கணக்கை 1956-இல் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு இளைஞர், ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, தாளும் பென்சிலும் இல்லாமல், இருபதே நிமிடத்தில் யோசித்து முடித்தார். முறையின் முழு விதியும் ஆர்.எஃப்.சி. 2328 என்ற பெயரில் 1998 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பூட்டு எங்கே இருக்கிறது?

பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளை இறக்கு. 3560 மாடல் சுவிட்ச் இரண்டை எடுத்து இணை. போர்ட்டில் ஐபி முகவரி ஏற மறுக்கும். 'நோ சுவிட்ச்போர்ட்' கொடு, ஏறும். அடுத்து 'ஐபி ரூட்டிங்'. இந்த ஒரு வரியை மறந்துவிட்டு மணிக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு! பிறகு 'ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 1'. அதற்குள் 'நெட்வொர்க் 10.1.1.0 0.0.0.255 ஏரியா 0'. மற்றதிலும் இப்படியே. 10 வினாடிக்கு ஒருமுறை இரண்டும் ஹலோ சொல்லும். 40 வினாடி சத்தமே இல்லையென்றால் பக்கத்து சுவிட்ச் போய்விட்டது என்று முடிவுகட்டும். 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்' அடி. 'ஃபுல்' வந்ததா? ஜெயித்தாய்! 'எக்ஸ்ஸ்டார்ட்'டிலேயே நிற்கிறதா? இருபக்க எம்.டி.யு. (பாக்கெட்டின் உச்ச அளவு) ஒன்றா என்று பார். ஒன்றுமே வரவில்லையா? ஹலோ நேரம், ஏரியா எண், மாஸ்க் மூன்றையும் ஒப்பிடு. சுவிட்ச் உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். எந்த மீடியம், அப்பாவுக்கு என்ன வேலை என்று அது ஒருநாளும் கேட்காது!

பக்கத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதே, அதில் தேர்தலில் நிற்கவே நிலம், வீடு, வயது, படிப்பு என்று எத்தனை நிபந்தனை! ஓ.எஸ்.பி.எஃப்.-இலும் தேர்தல் உண்டு. ஒரே வலையில் ஐந்து சுவிட்ச் இருந்தால், எல்லாம் எல்லாவற்றோடும் தகவல் ஒப்பிட்டால் பத்து ஜோடி ஆகும். அந்தச் சுமையைக் குறைக்க ஒன்றைத் தலைமைக்குத் தேர்ந்தெடுக்கின்றன. முன்னுரிமை எண் பெரிதாக இருப்பது ஜெயிக்கும். சமமானால் ரவுட்டர் ஐடி பெரியது. 0 போட்டால் போட்டியிலேயே இடமில்லை. ஆனால் கவனி: தொடக்கத்தில் இந்த சுவிட்சுகள் எல்லாவற்றுக்கும் 1! 0 தானாக வராது, ஒருவர் கையால் அடித்தால்தான் வரும். உன் பெயருக்கு நேரே அதை அடித்தது யார்? உறவா? ஊரா? நீயேதானா? யாராக இருந்தாலும் அழி!

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பொறுப்பு டான்ஃபினெட் என்ற அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த இழைகளின் முனையில் உள்ள பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? வெளியூரிலிருந்து வரும்வரை நம் ஊர் காத்திருக்க வேண்டுமா?

இன்று இரவே மூன்றாவது சுவிட்சைச் சேர்த்து முக்கோணமாக இணை. பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளை எடுத்துவிடு. சில பாக்கெட் விழும். அப்புறம் மறுபக்கமாகப் பதில் வரும். நாளைக்கு லேபில் நிஜப் பெட்டியின் கன்சோல் கேபிளைக் கேட்டு வாங்கு. முதல் ஆளாகக் கேள்!